கம்பியில் இரவு தங்கும் முஸாபிர்கள்

 

செப்டம்பர் பிறந்துவிட்டால் நம் கடைத்தெருக்களுக்குப் புதிய விருந்தாளிகள் வந்து சேருகின்றனர். காசு கொண்டு வருவதில்லை, கடன் கேட்பதுமில்லை. சீனம், கொரியா, ஜப்பான், சைபீரியா முதலிய வடநாடுகளில் இலையுதிர் காலம் நெருங்கியதும், அங்கே பூச்சிகள் அருகிப்போவதால் தெற்கே புறப்படும் தகைவிலான் குருவிகளையே சொல்கிறோம். மலாய்க்காரர் லாயாங்-லாயாங் என்பது இதனைத்தான். எடை சுமார் 20 கிராம். நம் கடைத் தராசில் இட்டால் முள் அசையுமோ, அசையாதோ! அந்த உடலைக் கொண்டு கடலையும் மலையையும் கடந்து வந்து, மார்ச், ஏப்ரல் வரை நம்மிடையே தங்கித் திரும்புகிறது.

பகலில் வெட்டவெளிகளில் பறந்து பூச்சி பிடிப்பதும், அந்தி சாய்ந்ததும் ஊருக்குள் வந்து மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்து உறங்குவதும் இதன் வழக்கம். பகாங் மாநிலத்துப் பெந்தோங் நகரம் இதற்குப் பெயர்போனது. 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மெட்வே பிரபு என்னும் ஆங்கிலேயர், இக்குருவிகளின் கால்களில் வளையமிட்டு ஆராய்ந்து, 1973ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். காட்டை விட்டு இரைச்சல் மிகுந்த கடைத்தெருவை ஏன் நாடுகிறது? பாம்பும் ஆந்தையும் அணுகாத இடம் என்பதால் இருக்கலாம். மனிதனை அடைக்கலமாக எண்ணி வருகிறது என்று வைத்துக்கொண்டால், நம் பொறுப்பு எவ்வளவு பெரிது!

ஆனால் அந்தக் கம்பிக்குக் கீழேதான் கடை இருக்கிறது. சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது. காலையில் கதவைத் திறந்தால் அஞ்சடியெல்லாம் எச்சம், படுதாவிலும் எச்சம், வாடிக்கையாளர் சட்டையிலும் எச்சம். வெடி வைத்து விரட்டலாமா, பசை தடவிப் பிடிக்கலாமா என்ற பேச்சு எழுகிறது. தொழுகைக்குப் போகும் உடையாயிற்றே என்ற கவலையும் நியாயமானதே. உண்ணத்தகும் பறவைகள் பறந்தபடி இடும் எச்சம் ஹனபி மத்ஹபில் நஜீஸ் அன்று. ஷாபி மத்ஹபில் நஜீஸ்தான். எனினும், தவிர்ப்பது கடினமான இடங்களில் நிபந்தனைகளோடு மன்னிப்பு உண்டு. நிபந்தனைகளை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுத் தெளிந்துகொள்க. மார்க்கம் இவ்வளவு இலேசாக்கியிருக்கும் ஒன்றுக்கு நாம் வெடி தேடுவானேன்? ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமும் போதும். சாமான்களுக்கு மேல் தார்ப்பாய் கட்டினால் அதுவும் பாதி மிச்சம்.

நாயகம் (ஸல்) அவர்களோடு ஸஹாபாக்கள் பிரயாணத்தில் இருந்த வேளை, ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளைச் சிலர் எடுத்துவிட்டனர். தாய்ப்பறவை சிறகை விரித்துக்கொண்டு தலைக்குமேல் வட்டமிட்டது. திரும்பி வந்த நாயகம் அவர்கள், இதன் குஞ்சுகளைக் கொண்டு இதனைத் துயரப்படுத்தியவர் யாரென வினவி, உடனே திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அபூதாவூதில் உள்ள செய்தி இது. பிரயாணம் செய்துகொண்டிருந்த மனிதர்களுக்குத்தான் இந்த உத்தரவு என்பதைக் கவனியுங்கள். நம் பாட்டன்மாரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களே. எத்தனையோ பேர் முதலிரவைக் கழித்தது யாருடைய கடை அஞ்சடியிலோ! வழிப்போக்கனுக்கு ஜக்காத்தில் பங்கு வைத்த மார்க்கம் நம்முடையது. பறவைக்கு ஜக்காத் இல்லை என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டாம். துரத்தாமலிருக்க ஜக்காத் வேண்டுமா?

இன்னொரு விருந்தாளி பழுப்புக் கீச்சான். அதே காலத்தில் வந்து தோட்டத்து வேலிகளில் தனியே அமர்ந்திருக்கும். கொல்லக்கூடாது என்று ஹதீஸில் குறிக்கப்பட்ட நான்கில், எறும்பு, தேனீ, கொண்டலாத்தி ஆகியவற்றோடு ‘ஸுரத்’ என்பதும் ஒன்று. அது கீச்சான் இனமே. தகைவிலானையோ இமாம் நவவீ அவர்கள் மின்ஹாஜில் உண்ணலாகாதவற்றோடு சேர்த்துள்ளார்கள். பல நூற்றாண்டுகட்கு முன்பே கிதாபில் பெயர் பெற்ற பறவைகளை நம் வாசலில் காண்பது சாமானிய காரியமா?

கருணை என்றதும் பிடி அரிசியை வாரி இறைக்க நம் கை துடிக்கும். அங்கேதான் நிதானம் வேண்டும். தகைவிலான் அரிசி தின்னாது. பறக்கும் பூச்சியே அதற்கு இரை. இறைத்த அரிசிக்குப் புறாவும் மைனாவும் கூடும். மிச்சத்துக்கு எலி வரும். மேலும் சிங்கப்பூரில் 2020 முதல் வனவிலங்குச் சட்டப்படி காட்டுப் பறவைகளுக்குத் தீனி போடுவதே குற்றம். முதல் தடவை 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. ஸதக்கா கொடுக்க ஆசையா? இடமிருப்பவர் ஒரு மரம் வையுங்கள். முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவை உண்டாலும் அது அவருக்கு ஸதக்கா என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வந்திருக்கிறது. பழமரமானால் உள்ளூர்க் குருவி உண்ணும், பூச்சி கூடும், கீச்சானும் வரும்.

வியாபாரிகளாகிய நாம் விசேஷமாகச் செய்யத்தக்கது விளக்கிலும் கண்ணாடியிலும் இருக்கிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் இரவில் பயணம் செய்யும் பறவைகள் பல. நம்மூர் ஆறுமணிக்குருவியின் உறவான பிட்டா அவற்றுள் ஒன்று. வெளிச்சத்தில் திசை மயங்கிக் கட்டடக் கண்ணாடியில் மோதி வீழ்கின்றன. கடை சாத்திய பின்னும் விளம்பர விளக்கு எரிவதால் யாருக்கு இலாபம்? மின்கட்டணம் நமக்கு, மரணம் பறவைக்கு. இந்த மாதங்களிலாவது அணைத்துவிடுங்கள். மரத்தைப் பிரதிபலிக்கும் பெரிய கண்ணாடியில் நெருக்கமாகப் புள்ளிகளோ கோடுகளோ ஒட்டுங்கள். ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டிப் பயன் சொற்பமே.

மோதி விழுந்த பறவையைக் கண்டால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சடைத்துப் போகும். மெதுவாக எடுத்துக் காற்றுத்துளையுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, பெட்டியை மூடி, சத்தமில்லாத மூலையில் ஒரு மணி நேரம் விடுங்கள். தெளிந்தால் மரமுள்ள இடத்தில் திறந்துவிடலாம். தெளியாவிட்டால் சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்துக்கும், மலேசியாவில் பெர்ஹிலித்தான் இலாகாவுக்கும் தெரிவியுங்கள். சரக்கு வந்திறங்கும் நம் கடைகளில் அட்டைப்பெட்டிக்கா பஞ்சம்?