ஊழும் ஊசியும்

மாதம் நிறையுமுன்னே முகமும் கையும் வீங்கி, தலைவலி பொறுக்கமாட்டாமல் கண்ணும் மங்கி, கடைசியில் வலிப்புக் கண்டு நினைவிழந்து கிடக்கும் கர்ப்பிணியைச் சுற்றி நிற்பவர்கள், "எந்த ஜன்மத்து வினையோ!" என்று பெருமூச்செறிவது நம் நாட்டில் சகஜம். கர்மக் கொள்கையை நான் மறுப்பவனல்லன். ஆயினும் வினை என்று சொன்ன மாத்திரத்தில் நோயாளியே குற்றவாளியாகிவிடுகிறாள் என்பதை நாம் யோசிப்பதில்லை. சிசுவைப் போஷிக்கும் நஞ்சுக்கொடியே தாயின் இரத்த நாளங்களைக் கெடுக்கும் பொருள்களையும் அவள் உதிரத்தில் கலக்கும் இந்த விசித்திர வியாதியில், குற்றத்தை யார் தலையில் சுமத்துவது?

காவிரி வெள்ளத்தால் தாய் அக்கரையில் தங்கிவிட, ரத்தினாவதி என்னும் வணிகர்குலப் பெண்ணுக்கு ஈசனே தாயுருக்கொண்டு பிரசவம் பார்த்தான் என்பது திருச்சிராப்பள்ளித் தலபுராணம். அவன் வெள்ளத்தை வடித்திருக்கலாம். நோவின்றியே பிள்ளை பிறக்க அருளியிருக்கலாம். அவ்விதம் செய்யாமல் மருத்துவச்சியின் வேலையைத் தன் கையாலேயே செய்தான் என்று கதை சொன்ன முன்னோரின் ஞானத்தை என்னென்பது! அருள் என்பது உழைப்பின் உருவில் வரும் என்றே நான் அதற்குப் பொருள் கொள்கிறேன்.

இரத்த அழுத்தம் மிஞ்சும் இந்நோயில் அவ்வுழைப்பு எத்தகையது என்று பாருங்கள். அழுத்தம் 160/110-ஐ எட்டிவிட்டால், தாமதமின்றி லேபெடலால், நிஃபெடிபின் போன்ற மருந்துகளால் அதை இறக்கவேண்டும். வலிப்பைத் தடுக்க, பேதியுப்பு என்று நாம் அறிந்த அதே மக்னீசியம் சல்பேட்டை ஊசிவழியே செலுத்தவேண்டும். 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அது வலிப்பின் அபாயத்தைப் பாதிக்குமேல் குறைப்பதை ஸ்தாபித்தது. அளவு மிஞ்சினாலோ மூச்சையே நிறுத்திவிடும். ஆகையால் நாலு மணிக்கொருமுறை போடும் ஊசிக்கு முன்பாக, நர்ஸ் சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டிக் கால் துள்ளுகிறதா என்று பார்த்து, மூச்சை எண்ணி, சிறுநீரையும் அளந்த பிற்பாடே மருந்தைத் தொடுகிறாள். இதைவிடச் சிரத்தையான பூஜை உண்டோ?

மருந்துகள் யாவும் தவணை வாங்கித் தருபவையே. நோய் தீர நஞ்சுக்கொடி வெளிப்பட்டாகவேண்டும். குறைமாதத்தில் பிள்ளையை எடுப்பது தெய்வ சித்தத்துக்கு விரோதம் என்பாரும் உளர். ஆனால் மருத்துவர்கள் 34 வாரத்துக்கு முன்பாயின், தாயின் நிலை இடங்கொடுக்குமட்டும் காத்திருந்து, சிசுவின் நுரையீரல் முதிர மருந்தும் கொடுக்கிறார்கள். அதற்கும் இடமில்லாதபோது காத்திருந்தால் இரண்டு உயிருமே போகக்கூடும். அதைத் தெய்வ சித்தம் என்று கூறுவது என் நோக்கில் அபசாரம்.

வளைகாப்புக்கு நாள் பார்க்கும் வீட்டார், அழுத்தம் பார்க்கும் நாளையும் மறவாதிருக்கட்டும். பிரசவமான பின்னரும் இவ்வலிப்பு வருவதுண்டாதலால், பிள்ளையோடு வீடு திரும்பியவளையும் சில வாரம் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.