நம்பகமான வண்டி

"லேடீஸ் ஓட்டுன வண்டி மேடம், நம்பி எடுக்கலாம்" என்றார் தரகர். கடலூரில் பழைய கார் தேடி அலைந்த மூன்று வாரங்களில் இதையே நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். பழைய கார் வியாபாரத்தில் பெண் ஓட்டிய வண்டிக்கு மதிப்பு அதிகம். கிளட்ச் தேய்ந்திருக்காது, கண்டபடி விரட்டியிருக்க மாட்டாள், எங்கேயும் இடித்திருக்க மாட்டாள் என்று ஒரு கணக்கு. இதே ஊரில் ஒரு கார் சிக்னலில் நின்றுபோனால் "பொம்பள ஓட்டுறா போல" என்று எட்டிப் பார்க்கவும் செய்கிறார்கள். பெண் ஓட்டும்போது வராத நம்பிக்கை, அவள் ஓட்டிய வண்டியை விற்கும்போது வந்துவிடுகிறது. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நால்வரும் அடுத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "சார் எப்ப வருவாரு, வண்டியப் பாக்க?"

சார் மஸ்கட்டில் இருக்கிறார். வண்டியைப் பார்த்தவள் நான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஸ்கூட்டி மட்டும்தான். வாங்குவது மகளுக்கு. சென்ற ஆண்டு, 2025 ஜூனில், அவளுக்குப் பதினெட்டு முடிந்து உரிமமும் கைக்கு வந்திருந்தது. கல்லூரி சிதம்பரத்தில், வீடு மஞ்சக்குப்பத்தில். இடையில் 45 கிலோமீட்டர் போல இருக்கும்.

எனக்குத் தெரியாததை எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் சொல்லிக் கொடுத்தார். கடலூரில் பழைய கார் வாங்குவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இது தண்ணீர் புகுந்த ஊர். 2015 வெள்ளம் ஒன்று, 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகியது இன்னொன்று. முழுகிய வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டு, வாசனை அடித்து நிறுத்தினால் வெளியே ஒன்றும் தெரியாது. "சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க அக்கா. மேல கழுவுவான், உள்ள சுருண்டிருக்கறத எவன் கழுவுறான்? சேத்துக் கோடு அப்படியே நிக்கும்" என்றார். மிதியடியைத் தூக்கி அடிக்கம்பளத்தை முகர்ந்து பார்க்கணும். இருக்கை நகரும் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் படிந்திருக்கிறதா, முகப்பு விளக்குக் கண்ணாடிக்குள் ஈரம் பூத்திருக்கிறதா என்று பார்க்கணும். கடல் காற்றுக்குக் கதவின் அடி விளிம்புதான் முதலில் அரிக்கும், அங்கே பெயிண்ட் கொப்பளித்திருந்தால் விட்டுவிடணும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கெட்டித்துப் போயிருந்தால் மழையில் வழுக்கும். காலையில் எஞ்சின் சூடாகும் முன் போய், நம் காது கேட்க ஸ்டார்ட் செய்யச் சொல்லணும்.

இவ்வளவையும் செய்தேன். ஒரு தரகர் நான் பெல்ட்டை இழுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மேடம் போலீஸா?" என்றார். பள்ளிக்கூட டீச்சர் என்றேன்.

கடைசியில் இரண்டு வண்டி மிஞ்சியது. ஒன்று 2014ஆம் ஆண்டு ஆல்ட்டோ, இரண்டே கால் லட்சம். மைலேஜ் நன்றாக வரும், உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், எவரும் பழுது பார்ப்பார். வழியில் நிற்காத வண்டி வேண்டும் என்றால் அதுதான். இன்னொன்று 2020ஆம் ஆண்டு டியாகோ, மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் இந்தியாவின் ஐந்து சிறு கார்களை மோத விட்டுப் பார்த்து ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம் தந்தது. ஆல்ட்டோ 800 அவற்றில் ஒன்று. ஓட்டுநருக்கான காற்றுப்பை நம் நாட்டில் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். டியாகோவுக்கு 2020இல் நான்கு நட்சத்திரம். இரண்டுக்கும் இடையே ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம்.

மகள் உயிருக்கு முன் இது ஒரு பணமா என்று உடனே கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்பது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் பள்ளியில் சமையல் செய்பவரின் மகளும் சிதம்பரத்தில்தான் படிக்கிறாள். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு வந்த கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்தில்தான். சிதம்பரம் போகும் புறநகர்ப் பேருந்தில் அவள் டிக்கெட் எடுத்து நின்றுகொண்டே போகிறாள். அவள் உயிருக்கு விலை குறைவா என்ன? நட்சத்திரம் என்பது வாங்க முடிந்தவர் வாங்கும் பொருள். நான் வாங்க முடிந்தவள், ஒரு சங்கிலியை விற்றால்.

மகள் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்த இரண்டு பவுன் சங்கிலி அது. அம்மா கொதித்துப் போனாள். "கல்யாணத்துக்கு வச்சத எடுத்துத் தகரத்துல போடுறியே, புத்தி இருக்கா?" அம்மா சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. எங்கள் வீடுகளில் தங்கம் வெறும் பகட்டு இல்லை. வங்கி எட்டிப் பார்க்காத காலத்தில் பெண்ணுக்கு அது ஒன்றுதான் கையிருப்பு. ஆனால் அந்தக் கையிருப்பு யாருக்குச் செலவானது? 1997இல் என் கழுத்திலிருந்த சங்கிலி அடகுக் கடைக்குப் போனது, ஆலப்பாக்கத்தில் பைக்கிலிருந்து விழுந்த அண்ணன் காலுக்குள் கம்பி வைப்பதற்கு. அதைச் சொன்னேன். அம்மா பேசாமல் புளி கரைக்கப் போய்விட்டாள்.

பெண்ணின் நகைப் பணம் வண்டிக்குப் போவது புதிது இல்லை. கார்ல் பென்ஸின் தொழிலில் பெர்த்தா திருமணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைப் போட்டார். 1886இல் காருக்கான காப்புரிமை கணவர் பெயரில் வந்தது. 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை அந்த வண்டியைத் தானே ஓட்டிப் போனார், 100 கிலோமீட்டருக்கு மேல். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தாராம். கார் நம்பகமானது என்று உலகுக்குக் காட்டியது அந்தப் பயணம்தான். அவர் கேட்டுக்கொண்டு போயிருந்தால் "எதுக்கு?" என்றிருப்பார்கள்.

அந்த "எதுக்கு" எனக்குப் பழக்கமானது. 1995இல் அண்ணன் ஆர்.எக்ஸ். 100 கேட்டான், அப்பா வாங்கிக் கொடுத்தார். வயசுப் பையன், அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை. மறு வருஷம் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்த நான் டி.வி.எஸ். 50 கேட்டேன். "எதுக்கு? பஸ்தான் வருதே." பஸ் அண்ணனுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. அவன் விழுந்து, கம்பி வைத்து, ஆறு மாதம் கழித்து எழுந்ததும் அதே வண்டியைச் சரிபண்ணி அதே கையில் கொடுத்தார்கள். ஆண்பிள்ளை விழுவான், எழுவான். நான் விழுந்திருந்தால் "பொண்ணுக்கு எதுக்கு வண்டி" என்ற கேள்விக்கு அது பதிலாகிப் போயிருக்கும். எனக்குப் பின்னால் எங்கள் தெருவில் வண்டி கேட்ட எல்லாப் பெண்களுக்கும் அதைத்தான் காட்டியிருப்பார்கள்.

மகளுக்கும் காரணம் சொல்லித்தான் குடும்பத்தைச் சம்மதிக்க வைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அம்மாவுக்கு மூட்டு வலி, பஸ் படி ஏற முடியாது, ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகணும் என்றேன். உடனே எல்லோரும் தலையாட்டினார்கள். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011இல் வெளியிட்ட 'ஒய் லாயிட்டர்?' என்ற நூல் இதைத்தான் பிடிக்கிறது. பொது இடத்துக்கு வரும் பெண் கையில் ஒரு கண்ணியமான வேலை இருக்க வேண்டும், சும்மா வந்தேன் என்று அவள் சொல்லக் கூடாது. பெண்ணுக்குப் பாதுகாப்பு கேட்பதோடு நிற்காமல், ஆபத்தை ஏற்கும் உரிமையையும் கேட்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். படித்தபோது அடிக்கோடு போட்டேன். சொந்த மகள் நெடுஞ்சாலையில் ஏறப் போகிறாள் என்றதும் அந்தக் கோட்டைத் தொடவே பயமாக இருந்தது.

பயம் நியாயமானதுதான். நான் நம்பிய நட்சத்திரமே அவளை அளந்து கொடுத்தது இல்லை. மோதல் சோதனையில் உட்கார வைக்கும் பொம்மை பல பத்தாண்டுகளாகச் சராசரி ஆணின் உடல். பெண் என்று சேர்த்த பொம்மை ஐந்தடிக்கும் குறைவு, 49 கிலோ. அதையும் பெரும்பாலும் பக்கத்து இருக்கையில் வைத்தார்கள். நேருக்கு நேர் மோதும்போது, பெல்ட் போட்ட பெண் கடுமையாகக் காயப்படும் வாய்ப்பு ஆணைவிட 73 விழுக்காடு அதிகம் என்று வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு 2019இல் சொன்னது. சராசரிப் பெண்ணின் உடலை வைத்து ஒரு பொம்மையை ஸ்வீடனில் ஆஸ்த்ரித் லிண்டர் குழுவினர் 2022இல்தான் கொண்டு வந்தார்கள். என் மகள் ஐந்தடி. ஸ்டியரிங்கை ஒட்டி உட்கார்ந்தால்தான் கால் எட்டும், அவ்வளவு ஒட்டி உட்கார்ந்தால் காற்றுப்பையே அடித்துவிடும். நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் 25 சென்டிமீட்டராவது வேண்டும். தையல் டேப்பை எடுத்துப் போய் அளந்தேன். டியாகோவில் இருக்கையை உயர்த்த ஒரு லிவர் இருந்தது. உயர்த்தி, பின்னால் தள்ளி, 27 வந்தது. அதன் பிறகுதான் முன்பணம் கொடுத்தேன்.

இதுவரை சொன்னதெல்லாம் காருக்குள் இருப்பவளின் கணக்கு. வெளியே இருப்பவர்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, முதல் நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போகும் வரை. கடலூர் முதுநகரைத் தாண்டும்போது சாலையோரம் மீன் கூடையோடு பெண்கள் நடந்து போனார்கள். சிப்காட் பக்கம் ஷிஃப்ட் முடிந்து வருபவர்கள் இரண்டிரண்டு பேராகச் சாலையைக் கடந்தார்கள். அவர்களைச் சுற்றிக் காற்றுப்பை எதுவும் இல்லை. ஆபத்தை ஏற்கும் உரிமை என்று நான் மகளுக்காகப் பேசுவதில், அந்த ஆபத்தில் ஒரு பங்கு அவர்கள் தலையில் விழுகிறது, அவர்களை யாரும் கேட்கவில்லை. பதினெட்டு வயதுக் கையில் ஸ்டியரிங் இருக்கும்போது ஆணா பெண்ணா என்பது கூடைக்காரம்மாவுக்கு முக்கியமா? மறுநாளே மெக்கானிக் அண்ணனிடம் போய் நான்கு டயரையும் மாற்றினேன், பிரேக் பேடையும் புதிதாகப் போட்டேன். பதினெட்டாயிரம் ஆனது. புது சீட் கவரும் ஸ்பீக்கரும் அந்தப் பட்டியலிலிருந்து போயின. முதல் மூன்று மாதம் இருட்டியபின் அந்தப் பகுதியில் நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்று மகளிடம் கேட்டேன். இதற்கு மட்டும் அவள் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை.

ஜி.பி.எஸ். டிராக்கரைக் கொண்டு வந்தது அண்ணன். தீப்பெட்டி அளவு. டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டிவிட்டால் வண்டி நிற்குமிடம் நம் போனில் தெரியும். "பாப்பா எங்க போவுதுன்னு தெரிய வேணாமா? அதுகிட்ட சொல்லாத, சொன்னா கழட்டிடும்" என்றான். பாசத்தில்தான் வாங்கி வந்தான், அதில் சந்தேகமில்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தேன். இரண்டு வாரம் அது அங்கே இருந்தது. இரண்டு முறை கையில் எடுத்தேன்.

மகள் போனில் தமிழ்நாடு காவல்துறையின் காவலன் செயலி இருக்கிறது. ஆபத்து என்றால் அவள் அழுத்துவாள். எப்போது ஆபத்து என்று அவள் முடிவு செய்கிறாள். டிராக்கரில் அந்த முடிவு என் கைக்கு வந்துவிடும். அவள் ஆலப்பாக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினாலும் என் போனில் ஒரு புள்ளி அசையாமல் நிற்கும், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதையே பார்ப்பேன். அந்தப் பார்வை அவளை எந்த லாரியிடமிருந்தும் காப்பாற்றாது. டயரும் பிரேக்கும் காப்பாற்றக்கூடும். சரி, வழியில் மயங்கிக் கிடந்தால்? இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒளித்து மாட்டினால் நான் பார்ப்பது அவளுக்குத் தெரியாது என்பது மட்டும் தொண்டையில் நின்றது. கடைசியில் இழுப்பறையைத் திறந்து அவளிடமே காட்டினேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா பைக்ல மாட்டுனீங்களாம்மா?"

"அப்பல்லாம் இது கிடையாது."

"இருந்திருந்தா?"

நான் பதில் சொல்லவில்லை. அதை வாங்கித் தன் மேசையில் வைத்துக்கொண்டாள். ராத்திரி தனியாகத் திரும்பும் நாள் வந்தால் தானே போட்டுக்கொள்வதாகவும், அன்றைக்கு மட்டும் நான் பார்க்கலாம் என்றும் சொன்னாள். அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் என்பதில் ஒரு சின்னச் சண்டை நடந்தது. மஸ்கட்டிலிருந்து போனில், "உன் பேர்ல போடு, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார் அவர். படிவம் 29, 30 இரண்டிலும் மகளின் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் திருமணத்துக்கு முன் ஒரு பெண்ணின் பெயரில் வந்த முதல் சொத்து அந்த டி.என். 31 வண்டி.

போன வாரம் சனிக்கிழமை நான்கு மணிக்கு வர வேண்டியவள் ஐந்தே முக்காலுக்கு வந்தாள். "புதுச்சத்திரம் பக்கம் கொஞ்சம் வேலை இருந்துச்சும்மா" என்றாள். அவள் குளிக்கப் போனதும் வண்டியைத் துடைக்கும் சாக்கில் கதவைத் திறந்து, பழக்கதோஷத்தில் மிதியடியைத் தூக்கினேன். ஓட்டுநர் பக்கமும் பக்கத்து இருக்கைப் பக்கமும் கடற்கரை மணல். சாமியார்பேட்டை போயிருக்கிறார்கள், இரண்டு பேர். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. மிதியடி இரண்டையும் வேலியோரம் தட்டி உதறிவிட்டு, இருந்தபடியே போட்டுக் கதவைச் சாத்தினேன்.