ஏற்றுக்கொண்டவன் கடன்

ஒருவருக்குச் சேர வேண்டிய பொருளை வழியில் ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டால், அதற்கான பொறுப்பு எந்தக் கணத்தில் கொடுத்தவரை விட்டு வாங்கியவரிடம் வந்து சேர்கிறது என்ற கேள்வி, நீதிநூல்களோடு நின்றுவிடுவதன்று. முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் இருக்கிறது. அந்த நீண்ட வரிசையின் கோடியில் இருக்கும் பழனிசெட்டிபட்டி வயலுக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டுமானால், மேலே கூடலூரிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் மடை திறக்கிறவர்கள் ஒவ்வொருவரும் தமக்கு உரியதைப் பாய்ச்சிக்கொண்டு, பிறருக்கு உரியதைக் குறைவின்றிக் கீழே விட்டாக வேண்டும். தலைமடைக்காரருக்குக் கடைமடைக்காரரின் முகம்கூடத் தெரியாது. ஆயினும் அவர் நடவு பிழைப்பதும் கருகுவதும் இவர் கையில் இருக்கிறது. முகம் அறியாதவருக்குச் செய்ய வேண்டிய இந்தக் கடமையே தர்மத்தின் மிகக் கடினமான பகுதி என்று நான் கருதுகிறேன். அதை நம் காலத்தில் மிக நுட்பமாக வகுத்து, அன்றாட அனுஷ்டானத்திலும் கொண்டுவந்திருப்பவர்கள், மின்னஞ்சல் சர்வர்களுக்கான மென்பொருளை எழுதிச் சோதித்து உலகுக்கு வெளியிடும் ஒரு சிறு கூட்டத்தார்.

பழனிசெட்டிபட்டியில் ஒரு மாணவி வேலைக்கான விண்ணப்பத்தை இரவில் தன் செல்போனிலிருந்து அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடிதத்தை வாங்கிய சர்வர், அது சேர வேண்டிய இடத்துச் சர்வரை அழைத்து, முதலில் தன் பெயரைச் சொல்லி வணக்கம் கூறுகிறது. பிறகு இன்னாரிடமிருந்து வரும் கடிதம் என்கிறது. பிறகு இன்னாருக்கு உரியது என்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மறுபுறத்திலிருந்து மூன்று இலக்க எண் ஒன்று விடையாக வருகிறது. அதன்பின் கடிதம் வரி வரியாகச் செல்கிறது. ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் தனித்து நின்றால் கடிதம் முடிந்தது என்று பொருள். அந்தப் புள்ளிக்கு 250 என்ற எண் விடையாக வரும் வரையில் பொறுப்பு அனுப்புகிற சர்வருடையது. வந்த கணத்திலிருந்து பெற்ற சர்வருடையது. இந்தச் சம்பாஷணையை 1982 ஆகஸ்டில் ஜொனாதன் போஸ்டல் ஆர்.எப்.சி. 821 என்ற ஏட்டில் வகுத்தார். 1989-இல் வந்த மற்றோர் ஏடு அதன் தாத்பரியத்தை இன்னும் கண்டிப்பாகச் சொல்லிற்று: ஏற்றேன் என்று விடை தந்த சர்வர் அந்தப் பொறுப்பை மெய்யாகவே சுமக்க வேண்டும்; பிறகு இயந்திரம் நின்றுபோயிற்று, இடம் போதவில்லை என்பன போன்ற அற்பக் காரணங்களுக்காகக் கடிதத்தை இழக்கலாகாது. இயந்திரம் நின்றுபோவதையே அற்பக் காரணம் என்று ஒதுக்கும் இந்த வைராக்கியத்தை நான் எந்த அரசாங்க விதியிலும் கண்டதில்லை.

நெதர்லாந்தில் பௌதிகம் பயின்ற வீட்ஸ வெனெமா, ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது எழுதி 1998 டிசம்பரில் மூலநிரலோடு வெளியிட்ட போஸ்ட்பிக்ஸ் என்ற மென்பொருளில் இந்தப் பிரதிக்ஞை எப்படி உருவெடுக்கிறது என்று சற்று அருகில் சென்று பார்க்கலாம். வருகிற கடிதம் முதலில் ஒரு கோப்பாக எழுதப்படுகிறது. எழுதி முடியும் வரையில் அந்தக் கோப்பின் அனுமதிக் குறி 0600 என்றே இருக்கும். கடைசி எழுத்தும் எழுதியானபின் அந்தக் குறி 0700 என்று மாற்றப்படுகிறது. நினைவகத்தில் மிதந்துகொண்டிருப்பதையெல்லாம் வட்டில் இறக்கிவிடும்படி கணினிக்குக் கட்டளையும் இடப்படுகிறது. இவ்வளவும் ஆன பிறகே 250 என்ற விடை வெளியே போகிறது. வரிசையைக் காக்கும் மற்றொரு நிரல், 0700 என்ற குறி இல்லாத கோப்பைத் தொடுவதில்லை. அரைகுறையாக நின்ற கடிதம் எவருக்கும் முழுக் கடிதமாகப் போய்விடலாகாது என்பதே அதன் கருத்து. சொல்லுக்கு முன் செயல் முடிந்திருக்க வேண்டும் என்று சான்றோர் விரும்பியதை, வினாடியின் சிறு பகுதிக்குள், ஒவ்வொரு கடிதத்துக்கும், எவரும் பார்க்காத இடத்தில் இந்த நிரல் செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் நீக்க முடியாத ஒரு சந்து இதில் இருக்கிறது. கோப்பு வட்டில் பத்திரமாக இறங்கிவிட்டது. 250 என்று சொல்லப் போகும் தருணத்தில் மின்சாரம் போய்விட்டது. அனுப்பிய சர்வர் பத்து நிமிஷம் வரையிலும் விடைக்காகக் காத்திருந்துவிட்டு, தன் கடமை இன்னும் தீரவில்லை என்று எண்ணி அதே கடிதத்தை மறுபடி அனுப்புகிறது. பெற்றவருக்கு இரண்டு பிரதிகள் கிடைக்கின்றன. இந்த இடத்தில் மென்பொருள் எழுதுகிறவர் ஒரு தவற்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்: சந்தேகம் வந்தால் சேர்ந்திருக்கும் என்று விட்டுவிடுவதா, சேரவில்லை என்று கொண்டு மீண்டும் அனுப்புவதா? இரண்டு பிரதிகளால் விளைவது சிறு தொந்தரவு. ஒன்றுமே சேராவிட்டால் அந்த மாணவியின் ஓர் ஆண்டு வீணாகலாம் என்பதால், இந்தத் துறையார் தயங்காமல் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். பூரணமாகப் பிழையின்றி இருத்தல் மனிதனுக்கு வாய்ப்பதன்று. எந்தப் பக்கம் பிழைப்பது என்பதில்தான் அவனுடைய தர்மம் வெளிப்படுகிறது.

சோதனை என்பதும் இந்த நோக்கிலேயே அர்த்தம் பெறுகிறது. நல்ல காலத்தில் கடிதம் போய்ச் சேருவதைப் பார்ப்பது அரைச் சோதனையும் ஆகாது. போஸ்ட்பிக்ஸோடு இரண்டு சிறு நிரல்கள் சேர்ந்து வருகின்றன: ஒன்று ஓயாமல் கடிதங்களைக் கொட்டுவது, மற்றொன்று அவற்றை விழுங்குவது, கேட்டபோது வேண்டுமென்றே மறுத்தும் தாமதித்தும் தொல்லை கொடுப்பது. கெட்ட காலத்தை முன்கூட்டியே வருவித்துப் பார்க்கும் கருவிகள் அவை. சோதனைக்காக வைத்த ஒரு வசதியே வினையாக முடிந்த சரித்திரமும் உண்டு. எரிக் ஆல்மன் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் எழுதிய சென்ட்மெயில் அந்நாளில் இணையத்தின் பிரதான அஞ்சல்காரனாக இருந்தது. அதில் பிழை பார்ப்பதற்கென்று இருந்த ஒரு வாசல், பல இடங்களில் மூடப்படாமலே உபயோகத்துக்குப் போய்விட்டது. 1988 நவம்பர் 2-ஆம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் ஏவிய புழுநிரல் நுழைந்த வழிகளில் அந்த வாசலும் ஒன்று. ஆயிரக்கணக்கான கணினிகள் ஸ்தம்பித்தன. வெளியிடுதல் என்ற செயலும் ஒருவகையில் 250 என்று சொல்வதுதான்: முன்பின் அறியாத அத்தனை பேருடைய கடிதங்களுக்கும் அன்றைக்கு ஒருவர் பிணையாகிறார். வெனெமா பரீட்சார்த்தமான பதிப்பையும் நிலைபெற்ற பதிப்பையும் இன்றுவரை தனித்தனியே வைத்து வெளியிட்டு வருவதை இந்த அச்சத்தின் அடையாளமாகவே நான் மதிக்கிறேன்.

இயந்திரத்துக்கு ஏது தர்மம் என்று ஒருவர் கேட்கலாம். தர்மம் அதை இயற்றியவரிடம் இருக்கிறது என்பது என் விடை. ஆனால் அதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. பலனில் பற்றின்றிக் கர்மத்தைச் செய் என்ற கீதையின் உபதேசத்தை, பலன் என்னவானால் எனக்கென்ன என்று பொருள் கொள்பவர்கள் நம்மிடையே ஏராளம். கோப்பை அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட்டதோடு தம் கடமை தீர்ந்தது என்று அவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கு வரும் பலனை விடலாம். பிறருக்குச் சேர வேண்டிய பலனை விட எனக்கு என்ன அதிகாரம்? கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் உள்ள கண்ணகி கோட்டத்துக்குச் சித்திரைப் பௌர்ணமியன்று மலையேறும் நம் பக்கத்து ஜனங்கள், கண்ணகியை நினைப்பதுபோல் மாதரியையும் நினைக்கலாகாதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கவுந்தியடிகள் ஒப்படைத்த அடைக்கலத்தை ஏற்ற அந்த இடைக்குலத்து முதியவள், கோவலன் கொலையுண்டதற்கு எவ்விதத்திலும் காரணமல்லள். ஆயினும், ஏற்றதைக் காக்க முடியாமற் போயிற்றே என்று தீயில் புகுந்தாள் என்கிறது சிலப்பதிகாரம். அந்த முடிவை எவரும் பின்பற்ற வேண்டியதில்லை. ஏற்றபின் தனக்கென்று ஒரு சமாதானத்தை அவள் தேடவில்லை என்பதுதான் கவனிக்கத் தக்கது.

காக்க முடியாததை ஏற்காதிருப்பதும் அதே தர்மத்தின் மறுபக்கம். அப்படி ஒரு முகவரியே இல்லையென்றால், நல்ல சர்வர் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு கையை விரிப்பதில்லை. சம்பாஷணையின் நடுவிலேயே 550 என்று சொல்லி வாசலில் மறுத்துவிடுகிறது. ஏற்றபின் இயலாமற் போனால் நான்கைந்து நாள் விடாமல் முயன்று, அதன்பின் அனுப்பியவருக்கு உண்மையைத் தெரிவிக்கிறது. மௌனமாக விழுங்கிவிடுவது மட்டும் அதற்கு விதிக்கப்படவில்லை.

இந்தக் கடமை இப்போது தமிழரிடமும் வந்திருக்கிறது. சென்னையிலும் தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையிலும் வேரூன்றிய ஸோஹோ, 2008 முதல் மின்னஞ்சல் சேவை நடத்துகிறது. தமிழ் எழுத்தாலேயே முகவரி எழுத வழிசெய்யும் விதிகள் 2012 பிப்ரவரியில் வந்தன. 2015-இல் வெளியான போஸ்ட்பிக்ஸ் 3.0 அவற்றை ஏற்றது. ஆனால் வழியில் ஒரு சர்வர் அந்த விதியை அறியாவிட்டாலும் கடிதம் திரும்பிவிடும். இன்னொரு நுட்பமும் உண்டு. 'பொன்னி' என்று எழுதும்போது, 'பொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே எண்ணாக வைத்தல் ஒன்று, ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனி எண்களாக வைத்தல் மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோட் விதிப்படியும் இரண்டும் ஒன்றே. ஆனால் எண்களை அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சர்வருக்குப் பொன்னிகள் இருவர். அவளுக்கு வந்த கடிதத்தை அப்படி ஆள் இல்லை என்று அது வாசலிலேயே திருப்பிவிடும். நெதர்லாந்துக்காரரோ அமெரிக்கரோ இதைச் சோதித்துப் பார்க்கத் தாமாக நினைக்க மாட்டார்கள். தேனியைச் சுற்றியுள்ள பொறியியற் கல்லூரிகளில் பயில்பவர்கள் பரீட்சார்த்தப் பதிப்பு ஒன்றைத் தம் கணினியில் நிறுவி, கொ, கோ, கௌ வரும் பெயர்களையெல்லாம் இரு விதமாகவும் எழுதி அனுப்பிப் பார்த்து, எது திரும்பி வந்தது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிவிக்கலாம். அதற்கு வேண்டியவை ஒரு பழைய கணினியும் சில மாலைப் பொழுதுகளும் மட்டுமே.