ஈயத்தில் கீறிய இரண்டு எழுத்து

நண்பரின் மகன் வர்ஜீனியாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். ஒத்தக்கடை டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது சட்டைப்பையிலிருந்து ஒரு பித்தளைத் தகட்டை எடுத்து நீட்டினான். முட்டை வடிவம், நடுவில் ‘யு.எஸ்.’ என்ற எழுத்து. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபடைச் சிப்பாய் ஒருவன் இடுப்பு வாரில் மாட்டியிருந்தது. யாரோ தனியார் நிலத்தில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தோண்டி எடுத்ததை இவன் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான்.

“திருப்பிப் பாருங்க மாமா.”

தகடு மெல்லிசு என்பதால் பின்பக்கம் ஈயம் ஊற்றியிருந்தார்கள். அந்த ஈயத்தில் கத்தி முனையாலோ ஆணியாலோ கீறிய இரண்டு எழுத்து.

“இந்தக் கீறலுக்குத்தான் விலை கூட.”

அந்தக் கீறல் என்னை விடமாட்டேன் என்கிறது. கீறியவன் சாவை நினைத்துக் கீறியிருப்பான் என்று தோன்றவில்லை. எல்லார் தகடும் ஒன்றுபோலவே இருந்திருக்கும். கூடாரத்தில் மாறிப்போகக் கூடாதே என்றுதான் இருக்கும். சில்வர் குடத்தில் அம்மா பேர் வெட்டி வைத்த மாதிரி. ‘இது என்னுது’ என்று ஒருவன் கீறிவைத்ததாலேயே அதை இன்னொருவன் கூடுதல் விலைக்கு வாங்குகிறான்.

மண்ணுக்குள் போனவர்கள் சாமானை எடுப்பது எனக்கும் புதிதில்லை. சின்ன வயதில் மழை விட்டதும் கண்மாய்க்கரையில் கறுப்பு சிவப்பு ஓடு பொறுக்குவோம். சில்லு விளையாட அதைப்போல வாகான ஓடு கிடையாது. அப்பத்தா மட்டும் வாசலிலேயே மறிப்பாள். “தாழி ஓடு அது. செத்தவுக சாமான வீட்டுக்குள்ள கொண்டாராத.” அப்போது சிரிப்பு வந்தது. கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் ஈமத்தாழிகளைத் தோண்டியவர்களை அப்பத்தா என்ன சொல்லியிருப்பாளோ. கீழடி அருங்காட்சியகத்தில் நான் கூச்சமில்லாமல் நின்று பார்த்தவன்தான்.

பேர் வெட்டுவது என்றதும் எங்கோ படித்தது நினைவுக்கு வருகிறது: தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களில் ஒன்று, ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த அந்தவன் என்பவனுடையது. அங்கே பேரை வெட்டியவர்கள் ஊரார், எல்லாரும் படிக்க. தகட்டில் இருப்பது தனக்கு மட்டும் போட்டுக்கொண்ட அடையாளம்.

2023 ஜூனில் இலங்கையின் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எலும்புகள் வந்தன. மறு வருடம் அகழ்வு முடியும்போது 52 பேரின் எச்சங்கள். கூடவே விடுதலைப் புலிகளின் இலக்கத் தகடுகளும். அதுவும் தகடுதான், அதிலும் இன்னார் என்று சொல்லும் குறி உண்டு. அதற்கு எவனாவது விலை கேட்டால் கைநீட்டி அடித்துவிடுவேன். திருவாதவூர் பஸ்ஸில் இலங்கை அகதிகள் முகாமுக்குப் போகிறவர்கள் பக்கத்தில் உட்காரும்போது, பித்தளையைப் பற்றிப் பேசவே எனக்கு வாய் வராது. அவர்களில் யார் இன்னும் யாரைத் தேடிக்கொண்டிருக்கிறார்களோ.

அப்படியானால் கணக்கு வருடத்திலா? நூற்றறுபது வருடம் போனால் சரியாகிவிடுமா? தேடுகிற கடைசி ஆளும் போன பிறகா? அல்லது கொக்குத்தொடுவாய்ப் பிள்ளைகள் நம் பிள்ளைகள் என்பதால் மட்டும்தானா? கடைசிக் கேள்விதான் அதிகம் உறுத்துகிறது; ஆமாம் என்று ஒத்துக்கொள்ளவும் மனசில்லை. நண்பரின் மகனிடம் தகட்டை விற்றுவிடு என்று சொல்லலாம் என்று பார்த்தால், விற்றாலும் வாங்கப்போகிறவன் இன்னொருவன்தானே.