விடையறிந்தவர் கேட்கும் வினா

உலகத்தில் வினவுவோர் யாவரும் தாம் அறியாததை அறியும் பொருட்டே வினவ, வினாடி வினா நடத்துபவர் ஒருவர் மட்டும், விடையைக் கையிலுள்ள அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, தாம் அறிந்ததையே பிறரிடம் கேட்கிறார். 1967-இல் கல்கத்தாவில், கிறிஸ்து அரசர் தேவாலயத்து மண்டபத்தில், நீல் ஓபிரியன் இந்தியாவின் முதல் பொது வினாடி வினாவை நடத்தியது முதல், வானொலியில் ஹமீத் சயானி, 1985-இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு என்று வளர்ந்து, இன்று தென்கேரளத்துப் பூவார், பாறசாலைப் பள்ளிக்கூடங்கள் வரை பரவிவிட்ட இந்தக் கலையில், கேட்பவர் ஞானி, கேட்கப்படுபவர் சோதனைக்கு உரியவர் என்னும் கிரமம் மட்டும் பெரும்பாலும் மாறவில்லை. இவ்விதம் பிறக்கும் கேள்வி மெய்யறிவுக்குத் துணை செய்யுமா என்பதே என் விசாரம்.

பிரச்னோபநிஷத்தில் சமித்தும் கையுமாகத் தம்மை நாடி வந்த அறுவரை, ஓராண்டு தவமும் பிரமசரியமும் சிரத்தையுமாகத் தங்கியிருந்த பிறகு கேட்கும்படி பணிக்கும் பிப்பலாத முனிவர், தமக்குத் தெரிந்திருக்குமானால் சொல்வதாக ஒரு நிபந்தனையையும் சேர்த்துக்கொள்கிறார். முப்பது விநாடியில் மணியடிக்கும் நம் மேடைக்கு அந்த ஓராண்டும் அந்நியம். அந்த நிபந்தனை அதைவிட அந்நியம். அறுவருள் கடைசியாகக் கேட்கும் சுகேசன், பதினாறு கலைகளையுடைய புருஷனைப் பற்றிக் கோசல நாட்டு இளவரசன் தன்னிடம் ஒருநாள் கேட்டதையும், பொய்யுரைப்பவன் வேரோடு உலர்வான் என்றஞ்சித் தான் அறியேன் என்று சொல்லிவிட்டதையும், இளவரசன் வாய்பேசாமல் தேரேறிப் போனதையும் சொல்லி, அதே கேள்வியை முனிவரின் முன் வைக்கிறான். வினாடி வினா மேடையில் விடை தெரியாத நம் சிறுவனும், பக்கத்துத் தோழனின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, "பாஸ்" என்கிறான். சத்தியத்தில் இவன் சுகேசனுக்குக் குறைந்தவன் அல்லன். ஆனால் சுகேசன் அந்த அறியாமையைத் தன்னோடு சுமந்து சென்று ஒரு குருவின் வாசலில் இறக்கினான். இவன் கையிலிருந்தோ, கேள்வி அடுத்த கணமே பறிக்கப்பட்டு, அடுத்த அணிக்குப் போய்விடுகிறது. போட்டியின் குறை இதுவே என்பேன். மதிப்பெண்ணையும் பரிசுக் கோப்பையையும் பற்றி எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை.

கேட்பவரே அறிந்தவர் என்னும் அந்தக் கிரமத்தைத் தலைகீழாக்கியவர் ஜி. எஸ். பிரதீப். கைரளி தொலைக்காட்சியின் 'அஸ்வமேத'த்தில், எதிரே அமர்ந்தவர் மனத்தில் நினைத்த மனிதரை, ஆம் அல்லது இல்லை என்னும் விடைகளை மட்டும் பற்றிக்கொண்டு, 21 கேள்விகளுக்குள் கண்டுபிடிக்க முயன்றார். நடத்துபவரே அறியாதவராய் அமர்ந்து, அல்லாதவற்றை ஒவ்வொன்றாய்க் கழிக்கும் அம்முறை, இதுவன்று, இதுவன்று என்று செல்லும் வேதாந்த விசாரத்துக்கு அண்டை வீடு எனலாம். அண்டை வீடுதான், அதே வீடன்று. ஏனெனில் அங்கே கழித்தல் ஒரு பெயரில் போய் முடிகிறது, அப்பெயரும் முன்பே ஒருவர் நெஞ்சில் இருப்பது. வேதாந்தி கழித்துக் கழித்துச் சேரும் இடத்தில் பெயரும் இல்லை, ஆமென்று சொல்ல எதிரே ஒருவரும் இல்லை.

கேட்பவர் எதிர்பாராத இடத்திலிருந்து விடை வருவதும் உண்டு. பூவாரில் கடலைச் சேரும் நெய்யாற்றின் கரையூர்களுள் ஒன்றான அருவிப்புரத்தில், அந்த ஆற்றுக் கல்லையே எடுத்து 1888-இல் சிவப் பிரதிஷ்டை செய்த ஸ்ரீ நாராயண குரு, அதற்கு அதிகாரம் உண்டா என்று பிராமணரல்லாத ஈழவ குலத்துச் சந்நியாசியைக் கேட்டவர்களுக்குத் தாம் பிரதிஷ்டித்தது ஈழவச் சிவனை என்று விடையிறுத்தார் என்பது வழங்கிவரும் வரலாறு. கேட்டவர்கள் விடையை முன்பே முடிவு செய்துகொண்டு வந்தவர்கள். அவர்கள் அட்டையில் இல்லாத விடை அது. அவரே 1924-இல் ஆலுவையில் கூட்டிய சர்வமத மகாநாட்டின் வாயிலில், வாதித்து வெல்வதற்காக அன்று, அறியவும் அறிவிக்கவுமே இக்கூட்டம் என்னும் கருத்தை எழுதி வைத்தார்.

பூவாரிலிருந்து பாறசாலை வரை வினாடி வினா நடத்தும் ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே: ஒவ்வொரு போட்டியிலும், உங்களுக்கே விடை தெரியாத கேள்வி ஒன்றைக் கடைசியில் கேளுங்கள், அதற்கு மதிப்பெண் வைக்காதீர்கள், மணியும் அடிக்காதீர்கள்.