யாருக்காக விளைகிறது இந்த நஞ்சு?

எந்த நோயை இறக்கினாலும் அதற்கான மருந்தையும் இறைவன் இறக்கியே இருக்கிறான் என்பது இஸ்லாமிய மரபின் உறுதியான நம்பிக்கை. மருந்துகளை மண்ணிலிருந்து படைத்தவர் ஆண்டவரே என்கிறது கத்தோலிக்க விவிலியத்தின் சீராக் நூல். மருந்தாகாத செடி ஒன்றைத் தேடிக் கொண்டுவரும்படி தட்சசீலத்து ஆசிரியர் அனுப்ப, எங்கும் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பிய மாணவன் ஜீவகனின் கதை பௌத்தர்களின் விநய பிடகத்தில் இருக்கிறது. நோயோடு நாம் தனித்து விடப்படவில்லை என்ற ஆறுதலை மூன்று மரபுகளும் தருகின்றன. அந்த ஆறுதலை நான் மதிக்கிறேன். ஆனால் புற்றுநோய் என்ற சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் இதே நம்பிக்கை வேறொரு முடிவுக்கு இழுத்துச் செல்லப்படுகிறது. செடியில் இருப்பது நமக்கென்றே வைக்கப்பட்டது, ஆகவே அது நம்மை வருத்தாது. மருத்துவமனையில் ஏற்றுவது மனிதன் செய்த நஞ்சு, ஆகவே அதிலிருந்து விலக வேண்டும். முள்சீத்தா இலைக் கஷாயமும் கோதுமைப்புல் சாறும் அளவுமீறிய வைட்டமின் மாத்திரைகளும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் நோயாளியிடம் வந்து சேர்கின்றன. படைப்பு நல்லது என்று நம்புகிறவர் இந்த முடிவையும் ஏற்றாக வேண்டுமா? வேண்டியதில்லை என்பது என் வாதம். செடிகளைக் கூர்ந்து பார்த்தால் அவையே இந்த முடிவை மறுக்கின்றன.

நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்வோம். மடகாஸ்கரைச் சொந்த மண்ணாகக் கொண்ட இந்தச் செடி நம் வீட்டு வாசல்களிலும் சுடுகாட்டு ஓரங்களிலும் பூக்கிறது. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் மருந்துக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். அதன் இலை நீரிழிவுக்கு நல்லது என்ற நாட்டு வழக்கைச் சோதிப்பதற்காக 1950களில் ஜமைக்காவிலிருந்து கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்துக்கு இலைகள் போயின. ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சாற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. வெள்ளையணுக்கள் சரிந்து, எலிகள் தொற்று கண்டு இறந்தன. அந்தச் சாவை அலட்சியமாகக் கடந்துபோகாமல் அதன் காரணத்தைத் துருவியதால் வின்பிளாஸ்டின் கிடைத்தது. பிறகு எலி லில்லி நிறுவனத்தின் ஆய்வகத்தில் அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டின் பிரிக்கப்பட்டது. ஒரு காலத்தில் ஏறக்குறைய எல்லோரையும் பறித்துக்கொண்ட குழந்தைகளின் கடும் ரத்தப் புற்றிலிருந்து, வசதியுள்ள நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் மீள்கிறார்கள். அவர்களுக்குத் தரும் கூட்டு மருந்தில் வின்கிரிஸ்டின் இன்றும் இருக்கிறது. கீமோ என்று நாம் அஞ்சுவதில் கணிசமான பகுதி மூலிகையிலிருந்து வந்ததுதான்.

அந்த மூலிகை எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் நம் கேள்விக்கான விடை இருக்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது மரபுப்பொருளை இருபுறமும் இழுத்துச் செல்லும் நுண்குழல்களை உருவாக விடாமல் வின்கிரிஸ்டின் தடுக்கிறது. புற்றுச் செல் ஓயாமல் பிரிவதால் அதில் சிக்கி மடிகிறது. நரம்புகளுக்கும் அதே நுண்குழல்கள் தேவை என்பதால் நோயாளியின் விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டியதைத் தவறுதலாக முதுகுத்தண்டு நீரில் செலுத்திவிட்டால் மரணம் ஏறக்குறைய உறுதி. தின்ன வரும் உயிர்களுக்கு எதிராக ஒரு செடி தன் உடம்பில் வளர்த்த ஆயுதம் இது. சீனத்துக் கேம்ப்டோதீகா மரம் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அதிலிருந்து மன்ரோ வாலும் மன்சுக் வானியும் 1966இல் அறிவித்த கேம்ப்டோதெசின், டிஎன்ஏவின் முறுக்கைத் தளர்த்தும் நொதியைத் தாக்குகிறது. அந்த நொதி மரத்துக்குள்ளும் உண்டு. தன் நஞ்சால் தானே சாகாதபடி மரத்தின் நொதி மட்டும் அமைப்பில் சற்று மாறியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் உடம்பில் அப்படியொரு காப்பு இல்லை. 1970களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்குக் கேம்ப்டோதெசினைக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பையில் ரத்தம் கசிந்து, ஆய்வையே நிறுத்த நேர்ந்தது. வேதியியலாளர்கள் மூலக்கூறைத் திருத்தி அமைத்த பிறகே, 1996இல், இரினோடெகானும் டோபோடெகானும் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றன. இதே கேம்ப்டோதெசின் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறு மரத்திலும் இருப்பதை டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் 1972இல் கண்டறிந்தார்கள். அதன்பின் அந்த மரத்தை வெட்டி வெட்டியே அருகச் செய்துவிட்டோம். எல்லாம் நமக்காகவே வளர்கிறது என்ற எண்ணம் மரத்துக்கும் நல்லதைச் செய்யவில்லை.

அப்படியானால் சமயங்களின் நம்பிக்கை பொய்த்துவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. ஜீவகன் கதையை நிதானமாக வாசித்தால், அதில் போற்றப்படுவது செடிகளின் தாராள குணத்தைவிட ஒவ்வொரு செடியின் பயனையும் அறிந்திருந்த மாணவனின் கல்வி என்பது விளங்கும். அவன் தேர்ச்சி பெற்றுவிட்டான் என்று ஆசிரியர் அவன் வெறுங்கையோடு திரும்பியதைக் கொண்டே முடிவுசெய்தார். சீராக் நூலும் மருந்தைச் சொல்லும் அதே இடத்தில் மருத்துவரையும் மதிக்கச் சொல்கிறது. சித்த மருத்துவத்தைப் பாருங்கள். 64 பாடாணங்களை, அதாவது நச்சுப் பொருள்களை, அது எண்ணுகிறது. அவற்றில் சரிபாதியான 32 இயற்கையாகவே கிடைக்கும் பிறவிப் பாடாணங்கள். சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை. அளவும் அனுபானமும் பத்தியமும் தவறினால் மருந்தே கெடுதலாகும் என்பது அங்கே பாலபாடம். இயற்கையில் விளைந்தது, ஆகவே தீங்கற்றது என்ற கூற்றுக்கு மூலிகையோடு வாழ்ந்த அந்த மரபில் இடமே இல்லை. மூலிகையிலிருந்து விலகி வந்துவிட்ட நம் காலத்து நகரவாசியின் ஏக்கம் அது.

முழுச் செடியின் சமநிலையைக் குலைத்து ஒரு மூலக்கூறை மட்டும் உருவி எடுப்பதால்தான் அது நஞ்சாகிறது என்று மறுப்பு வரும். இதில் பாதி உண்மை இருக்கிறது; அதைக் கற்பித்தவை வைட்டமின் ஆய்வுகள். காய்கனிகளை நிறைய உண்பவர்களிடமும் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் மிகுந்தவர்களிடமும் நுரையீரல் புற்று குறைவாக இருப்பது பல கணக்கெடுப்புகளில் தெரிந்தது. அந்தப் பொருளையே மாத்திரையாக்கிக் கொடுத்தால் என்ன என்று பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் அது 28 சதவீதம் கூடியதால், குறித்த காலத்துக்கு முன்பே 1996இல் நிறுத்தினார்கள். புராஸ்டேட் புற்றைத் தடுக்கும் என்று எதிர்பார்த்த வைட்டமின் ஈ, 2011இல் வெளியான முடிவின்படி அதை 17 சதவீதம் அதிகமாக்கியிருந்தது. உணவாக நல்லது மாத்திரையாகக் கெடுதல் செய்ய முடியும் என்பதை மறுப்பவர் சொல்வதுபோலவே ஏற்கிறேன். ஆனால் முழுமை தன்னளவில் காப்பு ஆகிவிடாது. ஐரோப்பிய யூ மரத்தின் இலையை அப்படியே மேய்ந்த மாடுகள் இதயம் நின்று சாகின்றன. அதே யூ இனத்தின் பசிபிக் மரப்பட்டையிலிருந்து பிரித்து, அளந்து, ஏற்றும் டாக்ஸால் சூல்பைப் புற்று கண்ட பெண்களின் ஆயுளை நீட்டுகிறது. முழுச் சாற்றையும் சோதிக்கலாம், சோதிக்கவும் வேண்டும். சோதிக்காமல் விடுவதற்கு முழுமை ஒரு காரணமாக முடியாது.

காப்புரிமை பெற முடியாத செடியை யார் சோதிப்பார்கள், லாபம் இல்லாததால் நல்ல மருந்துகள் புதைக்கப்படுகின்றன என்பது அடுத்த மறுப்பு. மருந்துத் தொழிலின் பேராசை கற்பனை அல்ல. விலை எட்டாமல் சாகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் மேலே சொன்ன மூன்று வைட்டமின் ஆய்வுகளிலும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பொதுப்பணம் இருந்தது. யாருக்கும் சொந்தமாகாத, மலிவான பொருள்களுக்காக அது செலவிடப்பட்டது. 1960 முதல் 1981 வரை ஆயிரக்கணக்கான தாவர இனங்களை அதே நிறுவனம் சலித்தது. டாக்ஸால் அப்படிக் கிடைத்ததுதான். வைட்டமின் ஒன்று பலித்த இடமும் உண்டு. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த டிரெட்டினாயினை ஷாங்காய் மருத்துவர்கள் ஒரு வகை ரத்தப் புற்றுக்குக் கொடுத்து, 24 நோயாளிகளிடமும் நோய் பின்வாங்கியதை 1988இல் அறிவித்தார்கள். ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970களிலேயே அதே நோய்க்கு ஆர்செனிக்கை, நம் மரபு வெள்ளைப் பாடாணம் என்று அழைக்கும் பொருளை, கையாண்டிருந்தார்கள். சில நாள்களில் ரத்தப்போக்கால் உயிரைக் குடித்த அந்த நோய், இந்த இரண்டும் சேர்ந்ததால் இன்று பெரும்பாலோருக்குக் குணமாகிறது. எளிய பொருள் என்பதற்காக மருத்துவ உலகம் அதைத் தள்ளிவிடவில்லை. பலித்தது என்று நிரூபிக்கப்பட்டதும் உலகெங்கும் ஏற்றது.

நம்பிக்கையையாவது விட்டுவையுங்கள், கஷாயம் குடித்தால் யாருக்கு என்ன கேடு என்று கேட்பவர்களே அதிகம். அன்பிலிருந்து வரும் கேள்வி இது. அதனால்தான் கவனமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உடல் முழுதும் பரவாத நிலையில் மாற்று வழிகளை மட்டும் தேர்ந்துகொண்ட 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்ட யேல் பல்கலைக்கழக ஆய்வு 2018இல் வெளியானது. மாற்று வழியை மட்டும் நம்பியவர்களிடம் இறப்பு வாய்ப்பு இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். அவர்களில் பலர் பிழைத்திருக்கக்கூடியவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. கீமோவோடு சேர்த்துக் குடிப்பதும் எப்போதும் பாதுகாப்பு அல்ல. மனச்சோர்வுக்கு மேல்நாட்டார் உண்ணும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இரினோடெகானின் செயல்படும் வடிவத்தை ரத்தத்தில் சுமார் 40 சதவீதம் குறைத்துவிடுகிறது. ஒரு மரம் தந்த மருந்தை இன்னொரு செடி ஒரே உடம்புக்குள் தோற்கடிக்கிறது. குமட்டலுக்கு இஞ்சியும் மனம் தேறப் பிரார்த்தனையும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எதை உண்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது இதனால்தான் அவசியம்.

எனக்கு இவையெல்லாவற்றையும்விடக் கவலை தருவது வேறொன்று. மருந்து நமக்கென்றே வைக்கப்பட்டிருக்கிறது, அது எவரையும் கைவிடாது என்று நம்பத் தொடங்கிய பின் ஒருவர் குணமாகாமல் போனால், குறை யாரிடம் போய்ச் சேரும்? மூலிகையிடம் போகாது, படைத்தவனிடமும் போகாது. பத்தியம் தவறினாய், முன்பே தொடங்கவில்லை, மனதில் சந்தேகம் வைத்தாய், முன்வினை தீரவில்லை என்று கடைசியில் நோயாளியின் தலையில்தான் இறங்குகிறது. கருணையில் தொடங்கிய கோட்பாடு, சாகக் கிடப்பவரைக் குற்றவாளியாக்கி முடிகிறது. தன் நலனுக்காக ஒரு செடி சுரக்கும் பொருள், மனித உடம்பில் சில வேளை உதவும், சில வேளை உதவாது, எது எப்போது என்பதைச் சோதித்தே அறிய முடியும் என்று ஏற்றுக்கொண்டவர் அந்தக் கொடுமையைச் செய்யமாட்டார். மருந்து தோற்றால் மருந்துதான் தோற்றது என்று அவரால் சொல்ல முடியும். விவிலியத்தின் யோபுவும் உடலெல்லாம் புண்ணாகிக் கிடந்தபோது, கடவுளின் ஒழுங்கில் பிழை இருக்க முடியாது என்று வாதிட்ட நண்பர்கள், ஆகவே பிழை உன்னிடமே என்று அவனை நெருக்கினார்கள். கடவுளின் பக்கம் நின்று பேசுவதாக அவர்கள் முழுமையாக நம்பினார்கள். அந்த நூலின் முடிவில் கடவுள் கோபப்படுவது அவர்கள்மீதுதான். தங்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி அவர்கள் யோபுவிடமே போக நேர்ந்தது.