குரலுக்கு உடையவர் யார்?

2002-ஆம் ஆண்டில் ‘குயின் ஆஃப் த டாம்ட்’ என்னும் ஆங்கிலப் படம் வெளிவந்தது. ஆன் ரைஸ் அம்மையாரின் நாவலைத் தழுவியது அது. கதாநாயகன் லெஸ்டாட், மனித இரத்தங் குடித்து மூப்பின்றி வாழும் பேய், பாடகனாகி மேடையேறுகிறான். அவனுக்கென இருளும் இடிமுழக்கமும் கலந்த ‘ஹெவி மெட்டல்’ பாட்டுகள் ஐந்தை, ‘கார்ன்’ குழுவின் பாடகர் ஜானதன் டேவிஸ், ரிச்சர்ட் கிப்ஸ் என்பாருடன் சேர்ந்து இயற்றினார். படத்தில் லெஸ்டாட் பாடும் குரலும் டேவிஸினுடையதே.

ஆயினும் அப்படத்தின் இசைத்தட்டில் அக்குரல் இல்லை! முன்னரே வேறொரு கம்பெனியோடு அவர் செய்திருந்த ஒப்பந்தம் குறுக்கே நின்றது. டேவிட் டிரெய்மன், செஸ்டர் பென்னிங்டன், மாரிலின் மான்சன் முதலிய ஐவர் ஆளுக்கொன்றாகப் பாடினர். தாம் புனைந்த பாட்டில் தம் குரலுக்கே இடமில்லை.

“மனமொப்பிக் கையெழுத்திட்டார், முதலிட்டவன் உரிமை காப்பது குற்றமா?” என்பர் சிலர். குற்றமென்று நாமும் கூறோம். பாடகரை ஊரறியச் செய்ததில் முதலுக்கும் பங்குண்டு. ஆனால், சட்டத்திற்கு ஒத்ததெல்லாம் அறத்திற்கும் ஒத்ததாகுமா? கனியை விலைக்குக் கொள்வது வாணிகம். மரம் வேறெங்கும் காய்க்கலாகாது என வேலியிடுவது ஆதிக்கம். உழைப்பை விற்கலாம், உழைப்பவனையே விற்றதாகக் கொள்ளலாகாது.

கதையிலுள்ள பேய் இரவில், இசைவு கேளாமல் இரத்தம் உறிஞ்சுகிறது. அதனை எவரும் பேயென்று அறிவர். பட்டப்பகலில், இசைவு பெற்று, மையினால் எழுதிக் கொள்ளப்படுவதையோ எவரும் ஐயுறுவதில்லை. ஆதலின், கையெழுத்திடுமுன் எதைத் தருகிறோம் என்பதோடு, எதைச் செய்யும் உரிமையை இழக்கிறோம் என்பதையும் ஆராய்தல் அறிவுடைமையாகும்.